மிச்சிகன் டல்சிமர் மரபை ஆராய விரும்புவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், குச்சியால் தட்டி வாசிக்கும் தந்திக் கருவி ஒன்று பல தலைமுறைகளாகக் கிராமத்து நடனங்களுக்கு வாசிக்கப்பட்டு வந்தது. நாட்டார் இசை படிக்கும் மாணவர்களும், சந்தூர் கேட்டுப் பழகி அதன் உறவுக் கருவிகளைத் தேடிப் போனவர்களும் அதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், எந்தக் கருவியைச் சொல்கிறீர்கள்?

ஹாமர்டு டல்சிமர். சரிவக வடிவத்தில் ஆழமில்லாத ஒரு மரப்பெட்டி. நீளமான பக்கம் வாசிப்பவரை ஒட்டி இருக்கும். பெட்டிக்குக் குறுக்கே உலோகத் தந்திகள் ஓடும். ஒரு சுரத்துக்கு ஒரு தந்தி என்று இருக்காது. இரண்டு, மூன்று, சில பழைய கருவிகளில் நான்கைந்து தந்திகள்கூட ஒரே சுருதியில் சேர்ந்து நிற்கும். இரு கைகளிலும் சிறு மரக்குச்சிகளைப் பிடித்துத் தட்டுவார்கள். அதிர்வை அடக்க ஏற்பாடு எதுவும் கிடையாது, அதனால் தட்டிய சுரம் அடுத்த சுரத்தின் மேலேயே ஒலித்துக்கொண்டிருக்கும்.

மடியில் வைத்து மீட்டும் டல்சிமரும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது அப்பலாச்சியன் மலைப்பகுதிக் கருவி: ஒடுக்கமான உடல், மூன்று நான்கு தந்திகள், வீணையைப் போல மெட்டுகள். இரண்டுக்கும் உறவே இல்லை. ஆனால் இரண்டையுமே வெறும் ‘டல்சிமர்’ என்று எழுதும் வழக்கம் இருப்பதால் நூலகப் பட்டியல்களில் இரண்டும் கலந்து கிடக்கும். ஒரு பழைய செய்தியில் ‘டல்சிமர் வாசித்தார்’ என்று இருந்தால் படமோ வர்ணனையோ கிடைக்கும்வரை எந்தப் பக்கமும் சாயாதீர்கள். மிச்சிகன், மேற்கு நியூயார்க் பகுதிகளின் 19ஆம் நூற்றாண்டுச் செய்தி என்றால் பெரும்பாலும் தட்டும் கருவிதான்.

சந்தூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒரே குடும்பம், மேற்காசியாவிலிருந்து ஐரோப்பா வரை, சீனாவிலும்கூட, இந்தக் குடும்பத்துக் கருவிகள் உண்டு. நம் காதுக்குப் பழக்கமானது காஷ்மீர் சந்தூர். சூஃபியானா இசைக்கு வாசிக்கப்பட்ட அதை இந்துஸ்தானிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் சிவ்குமார் சர்மா. மிச்சிகன்காரர்களுக்கு இது ஆங்கிலேயக் குடியேறிகளின் வழியில் வந்த கருவி. சந்தூரோடு ஒப்பிட்டு ஆய்வைத் தொடங்கினால் அழகான கட்டுரை வரலாம், மிச்சிகன் பற்றி மட்டும் ஒன்றும் கிடைக்காது.

அத்தனை மாநிலங்கள் இருக்க, ஏன் மிச்சிகன்?

இதைப் புரிந்துகொள்ள நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஷட்டாக்வா கவுண்டியில் (மாவட்டத்தில்) டல்சிமர் செய்யும் பட்டறைகள் இருந்தன. கருவியை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் போய் விற்றார்கள். 1825இல் ஈரி கால்வாய் திறந்த பிறகு நியூயார்க்கிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் மிச்சிகனுக்குப் பெயர்ந்தார்கள். 1837இல் அது மாநிலமானபோது அங்கே குடியேறியிருந்தவர்களில் பெரும்பங்கு நியூயார்க், நியூ இங்கிலாந்துக்காரர்கள். அவர்களோடு நடனமும் வந்தது, பிடிலும் வந்தது, டல்சிமரும் வந்தது. பிற்பாடு சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழி வணிக நிறுவனங்களின் அட்டவணைகளிலும் இந்தக் கருவி இடம்பெற்றது.

பியானோவும் ரீட் ஆர்கனும் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்ததும் பல இடங்களில் டல்சிமர் பரணுக்குப் போய்விட்டது. மிச்சிகனின் கிராமப்புறங்களில் அது முழுதாக விடுபடவில்லை. 1960களில் பாடல் சேகரிப்பாளர்கள் தேடிப் போனபோது, தாத்தாவிடமோ அப்பாவிடமோ கற்று வாசித்துக்கொண்டிருந்த முதியவர்கள் அங்கே இருந்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு புத்தகங்கள் போதும். நான்சி குரோஸ் எழுதி 1983இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க டல்சிமர் பற்றிய ஆய்வு ஒன்று. செய்தவர்கள், காப்புரிமைகள், அருங்காட்சியகங்களில் உள்ள கருவிகள் பற்றி அதில் படிக்கலாம். ஸ்மித்சோனியன் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்தது பால் கிஃபர்ட் 2001இல் வெளியிட்ட, இந்தக் கருவியின் உலக வரலாறு. கிஃபர்ட் மிச்சிகன்காரர், ஆவணக் காப்பாளர், இளமையில் அங்குள்ள மூத்த வாசிப்பாளர்களிடம் நேரில் கற்றவர். மிச்சிகன் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதிகளை முதலில் படியுங்கள், உலகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. மூன்று அடுக்குகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

முதல் அடுக்கு 1925–26. கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு வைத்திருந்த பழங்கால நடன இசைக் குழுவின் 78 சுழற்சி (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டுகள். நான்கே பேர்: ஒரு வயலின், ஒரு டல்சிமர், ஒரு சிம்பலோம், ஒரு சூசபோன் (ஊதும் பெரிய பித்தளைக் கருவி). டல்சிமர் வாசித்தவர் எட்வின் பாக்ஸ்டர். சிம்பலோம் என்பது ஹங்கேரியக் குடும்பத்துப் பெரிய கருவி; 1874இல் புடாபெஸ்ட்டில் ஷுண்டா அதற்கு அதிர்வடக்கும் மிதியைச் சேர்த்து மேடைக் கருவியாக்கினார். டெட்ராய்ட் பகுதியில் ஹங்கேரியர்கள் நிறையக் குடியேறியிருந்தார்கள். இப்படித்தான் இரண்டு வேறு வழிகளில் வந்த ஒன்றுவிட்ட சகோதரக் கருவிகள் ஒரே தட்டில் பதிவாகியிருக்கின்றன. கேட்கும்போது எது எது என்று பிரிப்பது சிரமம். கீழே தாளத்துக்குத் துணையாகக் கனமாக ஒலிப்பதெல்லாம் டல்சிமர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் அடுக்கு, சேகரிப்பாளர்கள் நாடாவில் பதிந்தவையும் அவற்றிலிருந்து வந்த எல்பி இசைத்தட்டுகளும். மிச்சிகனின் செட் பார்க்கர் வாசித்து 1966இல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட தட்டு இதில் முக்கியமானது. ஃபோக்வேஸ் இப்போது ஸ்மித்சோனியன் வசம் இருப்பதால் தட்டோடு வந்த குறிப்பேட்டைப் பிடிஎஃப் வடிவில் இலவசமாகப் படிக்கலாம். பக்கத்து மேற்கு நியூயார்க்கில் பால் வான் ஆர்ஸ்டேல் என்பவர் தாத்தா ஜெஸ்ஸி மார்ட்டினிடம் கற்றவர். அவருடைய வாசிப்பு 1983இல் ஃபோக்-லெகசி வழியாக வெளிவந்தது. மிச்சிகன் மரபின் தாய்வீட்டுப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று அறிய அதைவிட நல்ல பதிவு எனக்குத் தெரியாது.

மூன்றாம் அடுக்கு வீட்டு நாடாக்கள்: பேரன் பிறந்தநாளில் தாத்தா வாசித்தது, திருமண வீட்டில் யாரோ பதிந்தது. இவை எந்தப் பட்டியலிலும் இருக்காது, குடும்பங்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஃபோர்டுக்கு இதில் என்ன அக்கறை?

1863இல் மிச்சிகனின் டியர்பார்னில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் ஆடிய குவாட்ரில், ஷாட்டிஷ், வால்ட்ஸ் நடனங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 1920களில் இறங்கினார். நடன ஆசிரியர் பெஞ்சமின் லவெட்டை வரவழைத்தார், பள்ளிகளில் கற்றுத்தரச் செய்தார், 1926இல் கையேடு வெளியிட்டார். 1925 டிசம்பரில் மெயின் மாநிலத்திலிருந்து மெல்லி டன்ஹாம் என்ற முதிய பிடில் கலைஞரை அவர் டியர்பார்னுக்கு அழைத்த செய்தி நாடு முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு ஊருக்கு ஊர் பிடில் போட்டிகள் நடந்தன.

இதில் இனிப்பான பக்கத்தை மட்டும் எழுதுபவர்கள் அதிகம். ஃபோர்டின் சொந்தப் பத்திரிகையான ‘டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்’ யூதர்களைத் தாக்கித் தொடர்ந்து எழுதியது, ஜாஸ் இசையையும் யூதர்களின் சதி என்றே சித்திரித்தது. பழைய நடனம்மீது அவருக்கிருந்த பிரியத்தையும் இந்த வெறுப்பையும் தனித்தனி அறைகளில் பூட்டிவைக்க முடியாது. அவர் குழுவின் தட்டுகளைச் சான்றாகக் காட்டும்போது, எதைப் பதியச் சொன்னார், எதை விட்டுவிட்டார் என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

‘மரம்வெட்டிகளின் பியானோ’ என்று இதைச் சொல்வது உண்மையா?

சொல்வது உண்மை. மிச்சிகன் பைன் காடுகளை வெட்டிய முகாம்களில் இந்தக் கருவி இருந்ததாக நினைவுகூர்பவர்களும் உண்டு. ஆனால் பெயர் கவர்ச்சியாக இருப்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். பண்ணை வீட்டுக் கூடம், ஊர்க் கூட்ட அரங்கு, கல்யாண வீடு, இவைதான் இதன் அன்றாட இடங்கள். பனியில் சுருதி நிற்காத, தூக்கிச் சுமக்க வேண்டிய, நாற்பது ஐம்பது தந்திகளுக்கு மேல் உள்ள ஒரு பெட்டி. அதை முகாமோடு மட்டும் கட்டிப்போடுவது எனக்கு ஒப்பவில்லை.

பழைய கருவி ஒன்று கண்ணில் பட்டால் என்ன பார்க்க வேண்டும்?

இந்த மரபில் எழுதிவைத்த இசைக்குறிப்பு குறைவு. அதனால் கருவிதான் பல சமயம் முதல் சான்று. சுருதி சேர்க்கும் ஆசையை முதலில் அடக்குங்கள். நூறு வயதுப் பெட்டியின் தந்திகளை இன்றைய சுருதிக்கு இழுத்தால் மேல்பலகை உள்வாங்கிவிடும், ஓரம் பிளந்துவிடும். இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள், அளவெடுங்கள்.

தந்திகளைத் தாங்கி நிற்கும் மரக்கட்டைகளான குதிரைகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் சுரப்பெயர் எழுதியிருக்கிறதா? இதுதான் பெரிய புதையல். அந்த வீட்டின் சுருதி அமைப்பே அதில் இருக்கும். குதிரை முன்பு வேறிடத்தில் நின்றதற்கான தடம் பலகையில் தெரிகிறதா? ஒவ்வொரு சுரத்துக்கும் எத்தனை தந்தி, எது எஃகு, எது பித்தளை? பலகையில் குச்சி பட்டுப் பட்டு எங்கே தேய்ந்திருக்கிறது? அதிகம் தேய்ந்த இடத்தைப் பார்த்தால் வாசித்தவர் எந்தச் சுரங்களில் அதிகம் புழங்கினார் என்று ஊகிக்கலாம்.

காலத்தைக் கணிக்க ஆணியும் திருகாணியும் உதவும். கூர்முனை கொண்ட இயந்திரத் திருகாணிகள் 1840களின் இறுதியில்தான் புழக்கத்துக்கு வந்தன. கம்பியிலிருந்து செய்த வட்ட ஆணிகள் 1890களுக்குப் பிறகு பரவலானவை. அதற்கு முன் தகட்டில் வெட்டிய சதுர ஆணிகள். ஆனால் ஒரு வட்ட ஆணியைப் பார்த்தவுடன் கருவியே 1900க்குப் பிந்தையது என்று எழுதிவிடக் கூடாது. பண்ணை வீட்டில் எது உடைந்தாலும் கைக்குக் கிடைத்த ஆணியை அடித்துவிடுவார்கள்.

குச்சிகளைக் கேட்க மறக்காதீர்கள். பழைய நியூயார்க், மிச்சிகன் வாசிப்பாளர்கள் சிலர் வளைந்து கொடுக்கும் பிடியுள்ள குச்சிகளை வைத்திருந்தார்கள். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் விறைப்பானவை. குச்சி மாறினால் துள்ளல் மாறும், துள்ளல் மாறினால் பாணியே மாறும். பெட்டியைப் பத்திரமாக வைத்த குடும்பங்கள்கூடக் குச்சியைத் தொலைத்துவிட்டிருக்கும். மேசை இழுப்பறையில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுருதி அமைப்பு தலைசுற்றுகிறதே, எளிதாகச் சொல்ல முடியுமா?

நம் சுரங்களிலேயே சொல்லலாம். நடுவில் உள்ள குதிரை ஒவ்வொரு தந்தியையும் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கிறது. இடப்பக்கத்து நீளமும் வலப்பக்கத்து நீளமும் 2:3 என்ற விகிதத்தில் இருக்கும். எனவே வலப்பக்கம் ஸட்ஜமம் என்றால் அதே தந்தியின் இடப்பக்கம் பஞ்சமம். வலப்பக்கத்தில் கீழிருந்து மேலாக ச ரி க ம என நான்கு தந்தித் தொகுதிகள். அதே நான்கின் இடப்பக்கம் ப த நி ச. சங்கராபரண ஆரோகணம் எட்டுத் தட்டுகளில் முடிந்துவிடும். மேலே போனால் இதே அச்சு வேறொரு ஸட்ஜமத்தில் திரும்ப வரும். வலது ஓரத்தில் இன்னொரு குதிரை, அது மந்தர சுரங்களுக்கு.

இன்று பரவலாக உள்ள சிறிய கருவியை ‘12/11’ என்பார்கள்: நடுக்குதிரையில் 12 தொகுதிகள், மந்தரக் குதிரையில் 11. இந்த ஒழுங்கு 1970களுக்குப் பிறகு நிலைப்பட்டது. பழைய மிச்சிகன் கருவிகளில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. 12/11 வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு 1930களின் ஒரு பதிவைச் சுரப்படுத்தினால் அந்தக் கைகள் போகாத வழியெல்லாம் தாளில் வந்துவிடும்.

என்னதான் வாசித்தார்கள்?

ஜிக், ரீல், ஹார்ன்பைப், வால்ட்ஸ், போல்கா, ஷாட்டிஷ் என்ற நடன மெட்டுகள், அந்தந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த பாட்டுகள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தோத்திரப் பாடல்கள். ஒரே மெட்டுக்கு மூன்று பெயர் இருக்கும், ஒரே பெயரில் மூன்று மெட்டும் இருக்கும். பெயர்ப்பட்டியல் வைத்து ஒப்பிடுவது வீண். முதல் இரண்டு வரி மெட்டைச் சுரப்படுத்தி அதை வைத்து ஒப்பிடுங்கள்.

மரபு வாசிப்பையும் பிந்தைய மறுமலர்ச்சியையும் எப்படிப் பிரிப்பது?

இந்த ஆய்வில் ஆகப் பெரிய வேலை இதுதான். ஹோவி மிட்செல் எழுதிய செய்முறை-வாசிப்புக் கையேடு 1970களின் தொடக்கத்தில் வந்தது. 1973இல் நியூயார்க்கின் பில் ஸ்பென்ஸ் தன் குழுவோடு வெளியிட்ட எல்பி ஒரு தலைமுறையையே இந்தக் கருவிப் பக்கம் இழுத்தது. கருவி செய்பவரான சாம் ரிஸெட்டாவின் வடிவமைப்புகள் பரவின. எல்லாம் நல்லதுதான், ஆனால் அதற்குப் பிறகு மிச்சிகனில் பிறந்து மிச்சிகனிலேயே வாசிக்கும் ஒருவரின் கை, நியூயார்க் எல்பியில் கேட்டதை வாசித்துக்கொண்டிருக்கலாம். ஐரிஷ் மெட்டுகளும் புதிதாக இயற்றியவையும் வந்து சேர்ந்தன. மெதுவான, மிதக்கும் வாசிப்பு வந்தது. நடனத்துக்கு அது உதவாது.

ஆகவே யாரைச் சந்தித்தாலும் மூன்றைக் கேளுங்கள்: இந்த மெட்டை யாரிடம் கற்றீர்கள், எந்த வயதில், அப்போது உங்களிடம் இருந்த கருவி எது? ‘எங்கள் ஊரில் எப்போதும் இப்படித்தான்’ என்ற பதிலை மரியாதையோடு குறித்துக்கொண்டு, அடுத்தவரிடமும் அதே மூன்றைக் கேளுங்கள்.

மறுமலர்ச்சி வாசிப்பு கீழானது என்று நான் சொல்லவில்லை. தனியாக ஆராயத்தக்க பொருள் அது. மிச்சிகனின் எவார்ட் என்ற சிற்றூரில் ஒரிஜினல் டல்சிமர் பிளேயர்ஸ் கிளப் ஆண்டுதோறும் ஜூலையில் கூட்டும் விழாவுக்குப் போனால் இரண்டு வகையினரையும் ஒரே மைதானத்தில் பார்க்கலாம். 1960களில் மூத்த வாசிப்பாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது.

இந்தியாவிலிருந்தபடியே இதைச் செய்ய முடியுமா?

பாதி முடியும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பு இலவசம். மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளார்க் நூலகம் மாநிலத்தின் சிற்றூர்ப் பத்திரிகைகளை மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. 1926ஆம் ஆண்டுப் பிடில் போட்டிச் செய்திகளில் ‘டல்சிமர்’ என்று தேடிப் பாருங்கள், பெயர்கள் கிடைக்கும். அந்தப் பெயர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால் ஊர், தொழில், பெற்றோர் பிறந்த மாநிலம் எல்லாம் வரும். கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகே திறக்கப்படும். 1950 வரை இப்போது பார்க்கலாம். பெற்றோர் நியூயார்க்கில் பிறந்தவர்கள் என்று அடிக்கடி வருவதைக் கவனியுங்கள்.

மீதிப் பாதிக்கு நேரில் போக வேண்டும். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தின் பென்சன் ஃபோர்டு ஆய்வு மையம், ஈஸ்ட் லான்சிங்கில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் மரபுக்கலைத் திட்டம், இரண்டுக்கும் முன்கூட்டியே எழுதிவிட்டுப் போவது நல்லது. கருவியைத் தொட்டுப் பார்க்காமல் எழுதிய கட்டுரையை வாசிப்பவர்கள் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

ஆம். மேடையேறும் அளவுக்கு வேண்டாம், ஒரு எளிய ரீலை நடன வேகத்தில் தட்டும் அளவுக்குப் போதும். எந்தக் கை எந்தச் சுரத்துக்குப் போகிறது என்று கேட்டே கண்டுபிடிக்க இது இல்லாமல் வழியில்லை.

பழைய நாடா கிடைத்தால் வேகம் சரியா என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலான வாசிப்பாளர்கள் மேற்கத்திய இசையின் டி, ஜி போன்ற சில ஸட்ஜமங்களில்தான் புழங்கினார்கள். நாடா இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்கினால் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் கருவியே தாழ்த்திச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கலாம். கூடப் பேச்சுக்குரல் இருந்தால் அது இயல்பாக ஒலிக்கிறதா என்று கேளுங்கள். எடிசன் தட்டுகளுக்கு வேறு கணக்கு: நிமிடத்துக்கு 80 சுற்று, பள்ளமும் மேல்கீழாக வெட்டப்பட்டது. சாதாரண 78 ஊசியில் ஓட்டினால் தட்டு கெட்டுவிடும்.

கிடைத்த ஒலிப்பதிவை இணையத்தில் ஏற்றலாமா?

2018இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு பாதுகாப்பு. ஃபோர்டு குழுவின் தட்டுகள் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பொதுவுடைமைக்கு வருகின்றன. 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டுகள். அதற்குப் பிந்தையவை, 1972 பிப்ரவரி 15க்கு முந்தையவை என்றால், 2067 பிப்ரவரி 15 வரை பூட்டுதான். செட் பார்க்கரின் 1966 எல்பி இந்த வகை. வீட்டு நாடா என்றால் சட்டத்துக்கு முன்னால் குடும்பத்தைக் கேளுங்கள், அதுவும் எழுத்தில். ஆய்வுக்கு மட்டும், வகுப்பில் ஒலிக்க, இணையத்தில் வெளியிட என்று மூன்றுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குங்கள். நாடாவின் மின்பிரதி ஒன்றைக் குடும்பத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.